புது வீட்டைப் பரிசோதித்து வாங்குவோம்

விதை நெல் வாங்கும் விவசாயி ஒரு பிடியைக் கையில் அள்ளிப் பார்க்காமல் வாங்குவதில்லை. நூறு மணிகளை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைத்தன என்று எண்ணிய பின்னரே நாற்றங்காலில் தூவுகிறார். உழவு மாடு பிடிக்கச் சந்தைக்குப் போனால் பல்லைப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நாலு முறை நடக்கவிட்டும் பார்க்கிறார். நிலம் வாங்குவதாயின் வில்லங்கச் சான்று, பட்டா, அடங்கல் ஆகிய யாவற்றையும் புரட்டுவதோடு, சர்வேயரை அழைத்து எல்லைக் கல்லையும் சரிபார்க்கிறார். இத்துணை எச்சரிக்கையுள்ள அதே மனிதர், ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்துப் புது வீடு ஒன்றை வாங்கும்போது என்ன செய்கிறார்? வாசல் எந்தத் திசை என்று கேட்கிறார். சுவரின் வர்ணத்தையும் தரையின் பளபளப்பையும் பார்க்கிறார். பால் காய்ச்ச நாள் குறித்துவிடுகிறார்.

தாலுகாத் தலைமையூர்களை அடுத்த ஊராட்சிகளிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் விளைநிலங்கள் மனைகளாகி வருவதையும், அம்மனைகளில் வீடு கட்டி விற்போர் பெருகி வருவதையும் நாம் கண்கூடாகக் காண்கிறோம். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம், பங்கு நிலத்தை விற்ற பணம், இருபது ஆண்டுகளில் அடைக்க வேண்டிய வங்கிக் கடன் ஆகியவை இவ்வீடுகளில் முடங்குகின்றன. இவ்வாறு வாங்கப்படும் வீட்டை, கட்டியவரைச் சாராத ஒரு தொழில் அறிந்தவரைக் கொண்டு பரிசோதித்துப் பார்த்த பின்னரே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

“புது வீடுதானே, அதில் என்ன குறை இருக்கப் போகிறது?” என்று பலரும் கேட்கின்றனர். இக்கேள்வியிலேயே தவறு இருக்கிறது. பழைய வீட்டின் குறை வெளியே தெரியும். ஒழுகும் இடத்தில் கறை படிந்திருக்கும். அஸ்திவாரம் இறங்கிய சுவரில் வெடிப்பு ஓடியிருக்கும். கதவு நிலையில் உரசும். பல பருவ மழைகளைக் கண்டு நின்ற வீடு அது. புது வீடோ ஒரு மழையையும் கண்டதில்லை. அதன் குறைகள் யாவும் பூச்சுக்கும் வர்ணத்துக்கும் பின்னே மறைந்து கிடக்கின்றன. ஆதலின் பழைய வீட்டைக் காட்டிலும் புது வீட்டுக்கே பரிசோதனை மிகுதியும் தேவை என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

மூன்று தவறான நம்பிக்கைகள்

வீடு வாங்குவோரைப் பெரும்பாலும் மூன்று நம்பிக்கைகள் ஏமாற்றுகின்றன.

வரைபட அனுமதி இருக்கிறது என்பது முதலாவது. அனுமதி என்பது தாளில் உள்ள வரைபடம் விதிகளுக்கு இணங்க இருக்கிறது என்பதற்கான சான்றேயன்றி, கலவையில் எத்தனை மூட்டை சிமிண்டு சேர்ந்தது என்பதற்கான சான்றன்று. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்கு, கட்டுபவரின் சுயசான்றின் பேரில் உடனடியாக அனுமதி அளிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. இதனால் மக்களின் அலைச்சல் குறைந்தது, இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், பார்த்துச் சரி சொல்லும் பொறுப்பு அந்த அளவுக்கு வாங்குபவரின் தோளுக்கு வந்துவிட்டது என்பதை மறக்கலாகாது. கட்டி முடித்த பின் பெறும் நிறைவுச் சான்றும் சிறு வீடுகளுக்குக் கட்டாயமில்லை. அதைப் பெறவேண்டிய பெரிய கட்டடங்களிலும், சுற்றிவிட்ட இடம், உயரம், பரப்பு முதலியவை அனுமதிப்படி உள்ளனவா என்பதே முக்கியமாகப் பார்க்கப்படுகிறது.

இரண்டாவது, “பாங்கு இஞ்சினீயர் வந்து பார்த்துவிட்டார்” என்பது. அவர் பார்த்தது பாங்கின் பொருட்டு. கடன் திரும்பாவிட்டால் இவ்வீடு எவ்வளவுக்கு விலைபோகும் என்பதே அவருடைய கேள்வி. குளியலறைத் தளம் ஒழுகுமா என்பது அவருடைய கேள்வியன்று.

மூன்றாவது நம்பிக்கையே கிராமங்களில் மிகுந்த தொல்லை தருவது. கட்டியவர் தெரிந்தவராக இருப்பார். சில சமயம் மாமன் மைத்துனன் முறையாகவும் இருப்பார். “அண்ணன் கட்டிய வீட்டை ஆள் வைத்துப் பார்ப்பதா?” என்ற கூச்சம் வாயை அடைத்துவிடுகிறது. ஆனால் அந்த அண்ணன் எல்லா வேலையையும் தம் கையால் செய்தவர் அல்லர். அவர் மேஸ்திரியிடம் விட்டார்; மேஸ்திரி கம்பி கட்டும் ஆளிடமும் சென்டரிங் ஆளிடமும் மின்வேலைக்காரரிடமும் விட்டார். கான்கிரீட் போட்ட அன்று அண்ணன் வேறோர் ஊரில் இருந்திருக்கலாம். பரிசோதனை அவருக்குத் தெரியாமல் நடந்த பிழையை அவருக்கே காட்டிக் கொடுக்கும். சாவடியில் நெல் அளக்கும்போது உறவினருக்கும் மரக்கால் கொண்டே அளக்கிறோம் அல்லவா? அதை எவரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை.

நடந்தவை

2014 ஜூன் 28 அன்று மாலை, சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது சரிந்து விழுந்தது. 61 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள். இடி விழுந்ததே காரணம் என்று முதலில் கட்டியவர் தரப்பில் கூறப்பட்டது. விசாரணையில் கோளாறு கட்டட அமைப்பிலேயே இருப்பது தெரியவந்தது. அருகில் நின்ற அதன் இரட்டைக் கட்டடமும் பாதுகாப்பற்றது எனக் கருதப்பட்டு, 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அனுமதி பெற்று, வீடுகள் விலைபேசப்பட்டு வந்த கட்டடமே அது.

அத்துணைப் பெரிய விபத்து எங்கும் நேர்வதில்லை. சிறு குறையே பரவலானது. 2021 ஆகஸ்டில் சென்னைப் புளியந்தோப்பில் கேசவப் பிள்ளை பூங்காத் திட்டத்தில் அரசு கட்டிய புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில், கையால் தொட்டாலே சுவர்ப் பூச்சு உதிர்வதைக் குடியேறியவர்கள் காட்டினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த வல்லுநர் குழு அழைக்கப்பட்டுக் கட்டடம் ஆராயப்பட்டது. அரசு கட்டிய வீட்டையும் வெளியார் ஒருவர் சோதிப்பது அவசியமாயிற்று என்பதை நாம் ஒளிவின்றிச் சொல்வது முறை. தனியார் கட்டி விற்கும் வீட்டுக்கு அது எவ்வளவு அவசியம் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மற்றொன்று ஹரியானா மாநிலத்துக் குருகிராமத்தில் நேர்ந்தது. ஒப்படைக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆன பல மாடிக் குடியிருப்பு ஒன்றில், 2022 பிப்ரவரியில், மேல்மாடியொன்றின் தளம் இடிந்து கீழ்த்தளங்களின்மீது அடுத்தடுத்து விழ, இருவர் இறந்தனர். டில்லி ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆராய்ந்தபோது கான்கிரீட்டில் குளோரைடு என்னும் உப்பு கலந்திருந்ததும், அதனால் உள்ளிருந்த கம்பிகள் துருப்பிடித்திருந்ததும் வெளியாயின. இந்நிகழ்ச்சியை நமது கடலோர ஊராட்சியினர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இதன் காரணத்தைக் கீழே விளக்குவோம்.

கான்கிரீட்டும் கம்பியும்

வீட்டின் உயிர்நிலை இவ்விரண்டிலும் இருப்பதால் இவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறுகிறோம்.

கம்பிக் கான்கிரீட் பற்றிய இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 என்ற எண்ணுடையது. இது 2000-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்டது. தூண், உத்தரம், தளம் ஆகியவற்றுக்கு எம் 20 என்னும் தரத்துக்குக் குறைந்த கான்கிரீட்டைப் பயன்படுத்தலாகாது என்பது அதன் விதி. வீட்டு வேலையில் இதற்கு ஒரு பங்கு சிமிண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற கணக்கு வழங்கி வருகிறது. ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ சிமிண்டுக்கு 30 லிட்டர் தண்ணீருக்கு மேல் சேரலாகாது. மணலில் உள்ள ஈரமும் இக்கணக்கில் சேரும். நடைமுறையில் நிகழும் பெரும் குற்றம் இங்கேதான். கலவை இளகலாக இருந்தால் கொட்டிப் பரப்புவது எளிது. எனவே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மிகுந்த தண்ணீர் பின்னர் ஆவியாகி வெளியேறும்போது, கான்கிரீட்டினுள் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கிறது. பார்வைக்கு வழவழப்பாக இருக்கும் தளம் வலுவில் பாதியாகிவிடலாம். சிமிண்டு மிச்சம் பிடிக்கும் கட்டுநரைக் காட்டிலும், தண்ணீரை அள்ளி ஊற்றும் வேலையாளே பல வீடுகளைக் கெடுத்திருக்கிறார் என்று நமக்குத் தோன்றுகிறது.

போட்ட கான்கிரீட்டை நனைத்து வைப்பது அடுத்தது. சாதாரண சிமிண்டுக்கு ஏழு நாட்களும், கலப்புச் சிமிண்டுக்குப் பத்து நாட்களும் குறைந்த அளவு. நம் நாட்டுக் கோடையில் இவ்வளவு போதாது; சாதாரண சிமிண்டுக்குப் பத்து நாட்கள், கலப்புச் சிமிண்டுக்குப் பதினான்கு நாட்கள் என்பதே நல்லது. நாலரை மீட்டர் வரையிலான தளத்தின் முட்டுகளை ஏழு நாட்களுக்கு முன்னும், அதற்கு மேற்பட்ட தளத்தின் முட்டுகளைப் பதினான்கு நாட்களுக்கு முன்னும் எடுத்தல் கூடாது. சென்டரிங் பலகைக்கு நாள் வாடகை ஏறுகிறது என்று அவசரப்பட்டுப் பிரித்த தளம், நடுவில் சற்றே தொய்ந்து நிற்கும். ஒரு நூலை மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்தால் இது தெரிந்துவிடும்.

கம்பிக்கு வருவோம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 8 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 395 கிராமும், 12 மில்லிமீட்டர் கம்பி 888 கிராமும் நிறுக்க வேண்டும். ஆகவே 12 மீட்டர் நீளமுள்ள 12 மில்லிமீட்டர் கம்பி ஒன்று ஏறக்குறைய பத்தரைக் கிலோவுக்கு மேல் இருத்தல் வேண்டும். பருத்தி எடை போடும் தராசில் இதைச் சரிபார்க்கலாம். கம்பியின் எண்ணிக்கை சரியாக இருந்தும், எடையில் குறைந்த கம்பியால் ஏமாந்தவர்கள் உண்டு.

கம்பி எங்கே இருக்கிறது என்பதும் எத்தனை கம்பி என்பதைப் போன்றே முக்கியமானது. தளத்தின் அடியில் 20 மில்லிமீட்டரும், தூணைச் சுற்றி 40 மில்லிமீட்டரும், அஸ்திவாரத்தில் 50 மில்லிமீட்டரும் கான்கிரீட் கம்பியை மூடியிருக்க வேண்டும். இதற்காகவே சிமிண்டில் வார்த்த கவர் கட்டைகளைக் கம்பிக்கு அடியில் வைக்கிறார்கள். கட்டைக்குப் பதில் ஜல்லிக் கல்லைச் சொருகுவதும், அதையும் மறந்து கம்பியைப் பலகைமேல் படுக்கவிடுவதும் உண்டு. அத்தகைய தளத்தின் அடிப்பக்கத்தில் சில ஆண்டுகளில் துருக் கோடுகள் தோன்றும். பிறகு பூச்சு பெயர்ந்து விழும். பால்கனிக்கும் வெளியே நீண்ட சன்ஷேடுக்கும் முக்கியக் கம்பி மேற்பக்கத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அதைக் கீழே அமுக்கிவிட்டால், அந்தச் சன்ஷேடு எப்போது விழும் என்று சொல்ல இயலாது. இவை யாவும் கான்கிரீட் கொட்டுவதற்கு முன் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடக் கூடியவை. கொட்டிய பின்னர், கவர் மீட்டர் என்னும் கருவியைத் தளத்தின்மேல் நகர்த்தித்தான் அறிய வேண்டும்.

இனி உப்பைப் பற்றி. கம்பிக் கான்கிரீட்டுக்குப் பயன்படும் தண்ணீரில், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருத்தல் கூடாது. கடலோர ஊர்களிலும் உவர்நீர்ப் பகுதிகளிலும் பல ஆழ்துளைக் கிணறுகள் இவ்வெல்லையைத் தாண்டிவிடும். வாயில் உப்புக் கரிக்கும் தண்ணீரைச் சோதிக்காமல் கான்கிரீட்டில் ஊற்றலாகாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. அங்கே தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துக் கொள்ளலாம். கட்டி முடிந்த வீட்டை வாங்குவோர், எந்தக் கிணற்றுத் தண்ணீரில் கட்டப்பட்டது என்று கேட்டறிந்து அத்தண்ணீரைச் சோதிக்கலாம். சந்தேகம் வலுத்தால் கான்கிரீட்டில் சிறு துண்டு எடுத்து ஆய்வுக்கு அனுப்பலாம்.

மணலிலும் ஏமாற்றம் உண்டு. எம்-சாண்ட் எனப்படும் செயற்கை மணல், தக்க இயந்திரத்தில் உடைத்துக் கழுவிச் சலித்துப் பெறப்படுவது. கல் குவாரியின் கழிவுத் தூளையும் அப்பெயரிட்டே சிலர் விற்கின்றனர். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் மீதித் தண்ணீரும் இட்டுக் குலுக்கிச் சில மணி நேரம் வைத்தால், மணலின்மேல் மண்டி தனியாகப் படியும். அப்படிவு மணலின் உயரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கைத் தாண்டினால் அந்த மணல் வேண்டாம்.

நிலத்தின் பழைய வரலாறு

வெளியூரிலிருந்து வரும் இஞ்சினீயருக்குத் தெரியாத ஒரு விஷயம் ஊராருக்குத் தெரியும். இன்று மனையாக நிற்கும் இடம் முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னவாக இருந்தது என்பதே அது. குட்டையைத் தூர்த்த இடமா, வாய்க்கால் ஓடிய தடமா, சேற்று வயலில் மண் கொட்டி மேடாக்கியதா என்பதை ஊர்ப் பெரியவர் ஒருவர் விரல் நீட்டிக் காட்டிவிடுவார். கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் பார்த்தும் இதை உறுதி செய்துகொள்ளலாம். கொட்டிய மண் இறுகுவதற்கு முன் அதன்மேல் அஸ்திவாரம் இட்டால் வீடு ஒருபுறமாக இறங்கும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் வெடிப்பு இதற்கு அறிகுறி.

கரிசல் பூமியின் குணத்தை அங்கே பயிர் செய்வோருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். வெடிப்பு இறங்கும் ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரம் போயிருக்கிறதா என்பதே அங்கு முதற் கேள்வி. வீட்டை ஒட்டி ஓரிடத்தில் ஒரு சிறு குழி தோண்டிப் பார்க்க அனுமதி கேட்கலாம். நேர்மையான கட்டுநர் இதை மறுப்பதில்லை.

தண்ணீரும் மின்சாரமும்

மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய்களை அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, இரண்டு நாட்கள் நிறுத்திக் கீழே அண்ணாந்து பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். குளியலறையிலும் அவ்வாறே செய்யலாம். தட்டோடு பதித்த மாடியில் தண்ணீர் எப்பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு வேலை வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிந்திருக்குமானால், கடைசித் தவணையை ஒரு மழை கழியும் வரை நிறுத்தி வைப்பது சாலச் சிறந்தது. மழையைப் போன்ற கண்டிப்பான ஓவர்சியர் வேறொருவர் இல்லை.

தரை ஓடுகளையும் சுவர்ப் பூச்சையும் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போகலாம். பொள்ளல் ஒலி கேட்கும் இடங்களைச் சாக்குக் கட்டியால் வட்டமிட வேண்டும். சுவர் செங்குத்தாக உள்ளதா என்பதற்குத் தூக்குக்குண்டும், தரைக்கு ரசமட்டமும், அறையின் மூலைக்கு மூலைமட்டமும் போதும். கதவு, சன்னல், பூட்டு முதலியவற்றை நம் பெண்மணிகள் நம்மைவிட நன்றாகப் பார்ப்பார்கள். அவற்றை அவர்களிடம் விட்டுவிடலாம்.

மின்சார வேலையை மட்டும் உரிமம் பெற்ற மின்பணியாளர் அன்றி வேறெவரும் சோதிக்கலாகாது. சுவரில் மூன்று துளைப் பிளக் இருப்பதாலேயே எர்த் கம்பி உள்ளே வந்திருக்கிறது என்று பொருளன்று. எர்த் கம்பியே இழுக்காமல் பிளக்கை மட்டும் பொருத்திய வீடுகள் உண்டு. அவ்வீட்டில் ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடும் தாய்மாரின் உயிர் ஊசலாடுகிறது. எர்த் குழி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மின்கசிவு நேர்ந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அமுக்கினால் துண்டிக்கிறதா என்பதையும் பார்த்தல் அவசியம். கழிவுநீர்த் தொட்டி எங்கே, அதன் உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமே.

யாரைக் கொண்டு பார்ப்பது?

கட்டுநர் அழைத்து வரும் இஞ்சினீயர் வேண்டாம். வீட்டை விற்றுத் தரகு பெறுபவர் சிபாரிசு செய்பவரும் வேண்டாம். பதிவு பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவரையோ, ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை இஞ்சினீயரையோ, அருகிலுள்ள பொறியியற் கல்லூரி அல்லது பாலிடெக்னிக்கின் கட்டடவியல் பிரிவினரையோ அணுகலாம். கான்கிரீட்டின்மேல் அழுத்திப் பார்க்கும் ரீபவுண்டு சுத்தியலும், ஒலி அலையை உட்செலுத்தி உள்ளே ஓட்டை உண்டா என்று காணும் கருவியும் இக்கல்லூரிகள் பலவற்றில் உள்ளன. சுத்தியல் காட்டும் எண்ணை வேத வாக்காகக் கொள்ள வேண்டாம். அது மேற்பரப்பின் கெட்டித்தன்மையையே அளக்கிறது. உண்மை வலிமைக்கும் அதற்கும் நூற்றுக்கு 25 பங்கு வரை வேறுபாடு இருக்கக்கூடும். எங்கே சந்தேகம் என்று சுட்டிக்காட்டவே அது உதவும்.

வீடு கட்டப்படும்போதே விலை பேசியிருந்தால், அஸ்திவாரக் கான்கிரீட்டுக்கு முன், தளக் கம்பி கட்டியபின், பூச்சு வேலைக்கு முன், சாவி வாங்குவதற்கு முன் என நான்கு தடவை பார்ப்பது உத்தமம். ஒரே தடவைதான் இயலுமென்றால், பூச்சுக்கு முன் பார்ப்பதையே நாம் தேர்ந்தெடுப்போம். இதற்காகும் கட்டணம் பெரும்பாலும் வீட்டு விலையில் நூற்றுக்கு ஒரு பங்கைத் தொடாது. பத்திரச் செலவோடு ஒப்பிட்டால் இஃது அற்பம்.

அரசு உதவியுடன் சொந்த மனையில் வீடு கட்டிக்கொள்வோருக்கும் இது பொருந்தும். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்திலும், 2024-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்திலும், வேலையின் படிநிலைகளைப் பார்த்தே தவணைகள் வழங்கப்பெறுகின்றன. ஓவர்சியர் அளவெடுக்க வரும் நாளில் வீட்டுக்காரர் வயலுக்குப் போய்விடாமல் உடனிருந்து, கவர் கட்டை, கம்பி எடை, நனைப்பு நாட்கள் ஆகியவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலையை மேஸ்திரியிடம் மொத்தமாக விட்டவருக்கு இது மேலும் அவசியம்.

ஊராட்சி மன்றத்தார் இதில் பெரிதும் உதவலாம். தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம், அளவு நாடா, தண்ணீர்க் குழாய் மட்டம் ஆகியவற்றை ஊராட்சி அலுவலகத்தில் வாங்கி வைத்து, கேட்போருக்கு இரவல் தரலாம். மாவட்டத்தில் உள்ள பதிவு பெற்ற பொறியாளர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். கிராம சபைக் கூட்டத்துக்கு இஞ்சினீயர் ஒருவரை அழைத்து, ஊரில் நடக்கும் கட்டட வேலை ஒன்றையே காட்டி விளக்கச் சொல்வது, பத்துத் துண்டுப் பிரசுரங்களைவிடப் பயன் தரும். அங்கன்வாடி முதலான ஊராட்சிக் கட்டடங்களைப் பெற்றுக்கொள்ளும்போதும் இம்முறையையே கைக்கொள்ள வேண்டும்.

சட்டமும் ஒப்பந்தமும்

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வாங்குவோருக்குப் பெரிய பாதுகாப்பை அளிக்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டட அமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை காணப்பட்டு அறிவிக்கப்பட்டால், கட்டி விற்றவர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சீர்செய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கோரலாம். எழுத்து மூலமான ஒப்பந்தமின்றி விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்பதையும் இதே சட்டம் விதிக்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் எழும் வீடுகளும், எட்டுக்கு மேற்படாத குடியிருப்புகள் கொண்ட திட்டங்களும் பதிவு செய்யப்பட வேண்டியதில்லை. கிராமப்புறங்களில் கட்டி விற்கப்படும் வீடுகளில் பெரும்பான்மை இந்த விலக்கினுள் அடங்கிவிடும். இவர்களுக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும். வீடு கட்டித் தருவதும் அச்சட்டத்தில் ஒரு சேவையே. கொடுத்த தொகை 50 இலட்சம் ரூபாய் வரையாயின் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். குறை எழுந்த இரண்டாண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

எந்த ஆணையத்தின் முன் நின்றாலும் சான்று கேட்பார்கள். அப்போது, தேதியும் புகைப்படமும் கையொப்பமும் கொண்ட பரிசோதனை அறிக்கையே பேசும். ஆகவே கிரய ஒப்பந்தத்தில் மூன்று வாசகங்களைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள். வாங்குபவர் தாம் விரும்பும் பொறியாளரைக் கொண்டு எந்நிலையிலும் வேலையைப் பார்க்கலாம் என்பது ஒன்று. அறிக்கையில் கண்ட குறைகளைக் குறித்த நாட்களுக்குள் கட்டுநர் தம் செலவில் நீக்க வேண்டும் என்பது இரண்டு. விலையில் பத்தில் ஒரு பங்கு அது நிறைவேறும் வரை நிறுத்தி வைக்கப்படும் என்பது மூன்று. இம்மூன்றையும் எழுத மறுப்பவரிடம் வீடு வாங்குவதை மறுபரிசீலனை செய்யலாம் என்றே நாம் சொல்வோம்.

குறைகளின் பட்டியலை இரு படிகளாக எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஒன்றை வாங்குபவர் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் தோன்றும் குறைகளை, வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல், ஒப்புகை அட்டையுடன் கூடிய விரைவுத் தபாலில் எழுதித் தெரிவிக்க வேண்டும். சுவரில் வெடிப்பு கண்டால், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். வெடிப்பு கோட்டைத் தாண்டி ஓடினால் உடனே பொறியாளரை அழைக்க வேண்டும். சாவி வாங்கிய தேதியைப் பத்திரக் கட்டின் மேலுறையில் எழுதி, அதிலிருந்து நாலரை ஆண்டு கழியும் தேதியையும் அதன் கீழே குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் மீண்டும் ஒரு முறை பொறியாளரை அழைத்து வீடு முழுவதையும் காட்டினால், ஐந்தாண்டுப் பொறுப்பு முடிவதற்குள் எஞ்சிய குறைகளை எழுதிக் கேட்க ஆறு மாத அவகாசம் இருக்கும்.